கெல்லி துரையும் முடியாத மாளிகையும்



பரிசளிப்பு விழாவில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கதைப் புத்தகங்களைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். எங்காவது ஒரு பக்கத்தில் மலைமேல் ஒரு கோட்டை நிற்கும். கூரான கோபுரங்கள் இருக்கும். கீழே காடு, மேலே மேகம். இப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்பதுண்டு. இருக்கிறது. ஜெர்மனி நாட்டின் தெற்கே, பவேரியா மலைப்பகுதியில் நோய்ஷ்வான்ஸ்டைன் என்று ஒரு கோட்டை. டிஸ்னி படங்களில் வரும் கோட்டைக்கு அதுதான் மாதிரி. இரண்டாம் லுட்விக் என்ற அரசர் 1869ஆம் ஆண்டில் அதைக் கட்டத் தொடங்கினார். கடன்மேல் கடன் வாங்கிக் கட்டினார். 1886இல் ஏரியில் பிணமாகக் கிடந்தார். அப்போதும் கோட்டை முடியவில்லை. அவர் இறந்த சில வாரங்களிலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களை உள்ளே விட்டார்கள்.

ஜெர்மனிக்குப் போக நமக்கு வசதி ஏது? ஆனால் கேமரன் மலையை விட்டுக் கீழே இறங்கினால், இதே மாதிரி ஒரு கதை நம் பக்கத்திலேயே கிடக்கிறது. பேராக் மாநிலத்தில், கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில், ராயா ஆற்றின் ஓரம், ஒரு சின்னக் குன்றின்மேல் செங்கல் நிறத்தில் ஒரு மாளிகை நிற்கிறது. கெல்லி கோட்டை என்போம். அதுவும் முடியாத கட்டடம்தான். அதற்கும் இன்று டிக்கெட் உண்டு. அதன் எஜமானரும் அதில் ஒரு நாள்கூடக் குடியிருக்காமல் செத்துப் போனார்.

அந்த எஜமானர் பெயர் வில்லியம் கெல்லி ஸ்மித். அவருடைய வாழ்க்கையை இந்த மலரில் எழுதக் காரணம் அவர் பெரிய பணக்காரர் என்பதல்ல. பணக்காரத் துரைமார்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்கள் பெயர் இன்று யாருக்குத் தெரியும்? இவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் ஒரு வீடும் ஒரு கோயிலும். இரண்டையும் கட்டிய கைகள் நம்முடைய கைகள். சுற்றுலா போகிறவர்கள் வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாதிக் கதையோடு திரும்பிவிடுகிறார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

கெல்லி ஸ்மித் பிறந்தது 1870இல், ஸ்காட்லாந்து நாட்டில். கெல்லாஸ் என்ற கிராமப்புறம். அவருடைய குடும்பப் பண்ணைக்கு ஈஸ்டர் கெல்லாஸ் என்று பெயர். குளிர் தேசம், ஆடு மாடு, பார்லி, கல் வீடு. அங்கே பிறந்த பையன்கள் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறுவது அந்தக் காலத்தில் வழக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலும் துரையாக இருந்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் அநேகம் பேர். இவரும் 1890இல், 20 வயதில், மலாயா வந்து சேர்ந்தார். பொறியாளர் வேலை படித்தவர்.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்கவேண்டும். அதே 1890இல் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. அவையும் பினாங்குக்குத்தான் வந்தன. அந்தக் கப்பல்களின் மேல்தட்டில், வெயிலிலும் மழையிலும், நம் பாட்டன் பூட்டன்மார்கள் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். நோய் இருந்தால் பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் இறக்கித் தடுத்து வைப்பார்கள். சிலர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். சிலர் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறையை 1910இல்தான் மலாயாவில் நிறுத்தினார்கள். கெல்லியும் பிழைக்க வந்தவர்தான், நம்மவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் அவர் இறங்கியதும் கையில் வரைபடம் கொடுத்தார்கள். நம்மவர்கள் இறங்கியதும் கையில் வெட்டுக்கத்தியும் மண்வெட்டியும் கொடுத்தார்கள்.

வரைபடம் என்று சும்மா சொல்லவில்லை. கெல்லி முதலில் சேர்ந்தது நில அளவை வேலையில். சார்லஸ் அல்மா பேக்கர் என்ற நியூசிலாந்துக்காரர் பத்து காஜாவில் நில அளவை நிறுவனம் நடத்திவந்தார். காட்டை அளந்து, வெட்டித் திருத்தும் குத்தகை அரசாங்கத்திடமிருந்து அவருக்குக் கிடைத்திருந்தது. அவரோடு சேர்ந்து கெல்லி நன்றாகச் சம்பாதித்தார். காட்டை அளக்கிறவனுக்கு எந்த மண் நல்ல மண், எங்கே தண்ணீர் ஓடுகிறது, சாலை எந்தப் பக்கம் வரப்போகிறது எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும் அல்லவா? அந்த லாபத்தைக் கொண்டு கிந்தா மாவட்டத்தில் 1000 ஏக்கர் காட்டு நிலம் வாங்கினார். தன் ஊர்ப் பண்ணையின் நினைவாக அந்தத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார்.

அது ரப்பரின் காலம். 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் மலாயாப் பக்கம் வந்து சேர்ந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி என்பவர் மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, தோட்டக்காரர்களிடம் கன்றுகளை நட்டுப் பாருங்கள், நட்டுப் பாருங்கள் என்று மன்றாடினார். அப்போது யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு மோட்டார் வண்டி வந்தது. டயருக்கு ரப்பர் வேண்டும். 1910இல் ரப்பர் விலை ஏறிய ஏற்றத்தில் லண்டனில் பங்கு வாங்கிய கடைக்காரர்கள்கூடச் செல்வந்தர்களானார்கள். கெல்லி சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்றார். அத்தோடு விடவில்லை. கிந்தாப் பள்ளத்தாக்கின் மண்ணுக்குக் கீழே ஈயம் இருந்தது. கிந்தா கெல்லாஸ் ஈய நிறுவனமும் அவருடையதாயிற்று. குளம் மாதிரி வெட்டிய பள்ளத்தில் மிதந்துகொண்டே, சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகளால் மண்ணை அள்ளி அரித்து ஈயத்தைப் பிரிக்கும் ராட்சச எந்திரங்களை வயதானவர்கள் கிந்தா வட்டாரத்தில் பார்த்திருப்பார்கள். மேலே மரம் பால் கொடுத்தது, கீழே மண் ஈயம் கொடுத்தது.

மரம் தானாகப் பால் கொடுத்துவிடாது என்பது நம் பெற்றோர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு நின்று, பேர் கொடுத்து, நிரைக்குப் போய்ச் சீவினால்தான் மங்கில் பால் விழும். கெல்லி இறந்ததற்கு அடுத்த சில ஆண்டுகளில்தான் அரசாங்கம் இந்தியத் தொழிலாளர்களுக்கு என்று ஒரு நிலையான சம்பளம் குறித்தது. ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இதுவே போராடிக் கிடைத்த முன்னேற்றம் என்றால், அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் யோசித்துப் பார்க்கலாம்.

பணம் சேர்ந்ததும் கெல்லி ஊருக்குப் போனார். மனசுக்குப் பிடித்த ஆக்னஸ் என்ற பெண்ணைத் திருமணம் செய்து 1903இல் மலாயாவுக்கு அழைத்து வந்தார். மறு வருடம் ஹெலன் என்ற மகள் பிறந்தாள். 1909இல் ஆற்றோரக் குன்றில் கெல்லாஸ் இல்லம் என்ற முதல் வீட்டைக் கட்டினார். அதுவே பெரிய வீடு. இப்போது போனாலும் பெரிய மாளிகைக்குப் பக்கத்தில் அந்தப் பழைய வீட்டின் இடிந்த சுவர்களைப் பார்க்கலாம். ஒரு சாதாரண மனிதனுக்கு அதுவே போதும். ஆனால் மகள் பிறந்து 11 ஆண்டுகள் கழித்து, 1915இல், ஆன்டனி என்ற ஆண் குழந்தை பிறந்தது. அந்தச் சந்தோஷத்தில் கெல்லிக்குப் பழைய வீடு சின்னதாகத் தெரிந்துவிட்டது. வாரிசு வந்துவிட்டான், அவனுக்கு ஒரு கோட்டை வேண்டாமா? இந்த இடத்தில் நம்ம ஊர்த் தகப்பன்மாருக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அவர்கிட்டே காசு இருந்தது, அவ்வளவுதான்.

புதிய மாளிகைக்குத் திட்டம் போட்டார். ஆறு மாடி உயரத்துக்குக் கோபுரம். வீட்டுக்குள்ளேயே டென்னிஸ் ஆடும் இடம். விருந்து வைக்கத் திறந்த மொட்டை மாடி. நிலவறையில் மதுபானம் வைக்கும் அறை. கோபுரத்தின் மேலே போக மின்தூக்கி, அதாவது லிப்ட். அது மட்டும் பொருத்தப்பட்டிருந்தால் மலாயாவிலேயே முதல் லிப்ட் அதுவாக இருந்திருக்கும் என்கிறார்கள். தோட்டத்து லயங்களில் தண்ணீர்க் குழாய்கூடப் பல வீட்டுக்கு ஒன்று என்று இருந்த காலத்தில், காலால் ஏறவேண்டாம், கம்பிக் கூண்டு தூக்கிக்கொண்டு போகும் என்று ஒருவர் திட்டம் போட்டார் என்பதைப் படிக்கும்போது சிரிப்பதா பெருமூச்சு விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கெல்லிக்கு இந்தியாவின் மேல், குறிப்பாக இந்துக்களின் கோயில்கள், கட்டடங்கள் மேல் ஓர் ஆசை இருந்தது. அதனால் அந்த மாளிகை முழுக்க வெள்ளைக்காரன் வீடாக இல்லை. ஸ்காட்லாந்துக் கோட்டையின் சதுரக் கோபுரம் ஒரு பக்கம். குதிரை லாடம் போல் வளைந்த, முஸ்லிம் அரண்மனைகளில் பார்க்கிற வளைவுகள் ஒரு பக்கம். நம் ஊர்க் கட்டட வேலைப்பாடு ஒரு பக்கம். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. கற்களோடு ஆட்களும் வந்தார்கள். சென்னைப் பட்டணத்திலிருந்து 70 கைவினைஞர்களைக் கெல்லி வரவழைத்தார்.

எழுபது பேர் என்ற எண்ணிக்கைதான் எழுதுகிறவர்கள் எல்லாரும் எழுதுவது. எழுபதுக்குப் பக்கத்தில் ஒரு முத்துவோ மாரியோ ஆறுமுகமோ வருவதில்லை. கெல்லியின் மகன் பெயர் தெரிகிறது, மகள் பெயர் தெரிகிறது, அவருடைய பண்ணையின் பெயர்கூடத் தெரிகிறது. ஆகவே அங்கே போகும்போது பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வளைவுகளின் கீழே நின்று மேலே பாருங்கள். பூச்சு விழுந்த இடங்களில் செங்கல் தெரியும். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லோடு எப்படிச் சாய்ந்து கைகோத்து நிற்கிறது என்று கவனியுங்கள். நூறு ஆண்டு மழையில் கூரை மூடாமல் கிடந்தும் அந்த வளைவு இறங்கவில்லை. அந்த எழுபது பேர் போட்டுவிட்டுப் போன கையெழுத்து அதுதான்.

மாளிகை எழும்பிக்கொண்டிருந்தபோது உலகத்தில் முதலாம் மகா யுத்தம் நடந்துகொண்டிருந்தது. யுத்தம் முடிகிற தறுவாயில், 1918இல், யுத்தத்தைவிடக் கொடியது ஒன்று கிளம்பிற்று. ஸ்பானிஷ் காய்ச்சல் என்று இங்கிலீஷ்காரர்கள் பெயர் வைத்தார்கள். விஷக் காய்ச்சல் என்று நம்மவர்கள் சொன்னார்கள். கப்பல்களில் ஏறித் துறைமுகம் துறைமுகமாக அது உலகத்தையே சுற்றி வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் மாண்டார்கள். மலாயாவில் தோட்டங்களை அது கடுமையாகத் தாக்கியது. காரணம் விளங்கக்கூடியதுதான். லயத்தில் சுவரோடு சுவராக வீடு; ஒரு வீட்டில் இருமினால் பக்கத்து வீட்டில் கேட்கும். 2020இல் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வீட்டில் அடைந்து கிடந்த அனுபவம் நமக்கு உண்டு. நமக்குத் தடுப்பூசி வந்தது, ஆஸ்பத்திரியில் பிராணவாயு இருந்தது. அவர்களுக்குக் கஷாயமும் வேப்பிலையும்தான். காய்ச்சல் நெஞ்சில் இறங்கிச் சளியாகிவிட்டால் அதைக் குணப்படுத்தும் மருந்து அன்று உலகத்தில் எந்த டாக்டரிடமும் கிடையாது. துரைக்கும் கிடையாது.

கெல்லியின் ஆட்களையும் அந்தக் காய்ச்சல் விடவில்லை. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் படுத்தார்கள். கடல் தாண்டி வந்த இடம். பெண்டு பிள்ளை ஊரில். காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு யாரைக் கூப்பிடத் தோன்றும்? அம்மை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் நம் சனங்கள் கூப்பிடுவது மாரியம்மனைத்தான். இத்தனை பெரிய மாளிகை எழும்புகிற இடத்தில் ஆத்தாளுக்கு ஒரு கூரை இல்லையே என்று அவர்கள் மனசில் பட்டிருக்கிறது. ஆட்கள் துரையிடம் போய், பக்கத்தில் ஒரு கோயில் கட்டிக்கொள்ளவேண்டும் என்று கேட்டார்கள்.

ஒரு தொழிலாளி அந்தக் காலத்தில் துரையிடம் போய் ஒன்றைக் கேட்பது என்றால் எப்படி என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொப்பி போட்டவர் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும், குடையை மடக்கவேண்டும். முதலில் தண்டல், பிறகு கங்காணி, பிறகு கிராணி, அதற்குப் பிறகுதான் துரை. கெல்லி மறுக்கவில்லை. உடனே சம்மதித்தார். மாளிகையிலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் தொலைவில் மகா மாரியம்மன் கோயில் எழுந்தது.

நான் கெல்லியின் வாழ்க்கையில் அதிகம் மதிப்பது இந்த ஒரு காரியத்தைத்தான். ஆறு மாடிக் கோபுரம் அவர் தனக்காகப் போட்ட திட்டம். கோயில் மற்றவர்கள் கேட்டுக் கொடுத்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் ஆட்களும் மாளிகைக்காக வந்தவை. வேலை தாமதமாகும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஆட்கள் திரும்பிப் போயிருப்பார்கள். அந்தக் காலத்தில் யாரும் அவரைக் கேள்வி கேட்டிருக்க முடியாது. அவருக்கும் அதில் லாபம் இருந்தது, கோயில் இருந்தால் ஆட்கள் தோட்டத்தை விட்டு ஓடமாட்டார்கள் என்று துரைமார்களுக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் நியாயமான பேச்சுதான். மலாயாவில் பல தோட்டங்களில் துரைமார்கள் கோயிலுக்கு இடம் விட்டது அந்தக் கணக்கில்தான். ஆனால் கணக்கு மட்டும் என்றால் நம்மவர்கள் அடுத்துச் செய்த காரியத்தைச் செய்திருக்கமாட்டார்கள்.

கோயில் மேலே சாமி சிலைகளுக்கு நடுவில், துரைமாரின் உடுப்பில் கெல்லியின் உருவத்தையும் செய்து நிறுத்திவிட்டார்கள்!

மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இவரு என்ன சாமி, இவருக்கு எப்போ பூசை என்று கேட்டுவிட்டது. கூட வந்த பெற்றோர்களில் ஒருவருக்குக் கோபம். வெள்ளைக்காரனைக் கொண்டுபோய் ஆத்தா தலைமேலே நிற்க வச்சிருக்கானுங்களே, என்ன அடிமைப் புத்தி என்றார். இன்னொருவர், நன்றி மறக்காதவங்கப்பா நம்ம சனங்க என்றார். இருவரும் வண்டியில் திரும்பும் வரைக்கும் வாதாடிக்கொண்டு வந்தார்கள்.

இருவருக்குமே நான் சொல்லக்கூடியது, இது புதுப் பழக்கம் இல்லை என்பதுதான். மதுரையில் புதுமண்டபத் தூண்களில் திருமலை நாயக்கரும் அவர் முன்னோர்களும் கைகூப்பி நிற்கிறார்கள். அவர்களை யாரும் சாமி என்று கும்பிடுவதில்லை. திருப்பணிக்குக் கொடுத்தவரின் உருவத்தைக் கோயிலில் வைப்பது தமிழ்நாட்டுச் சிற்பிகளின் பழைய வழக்கம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்திலேயே தொப்பி வைத்த ஐரோப்பியர் ஒருவருடைய உருவம் எட்டிப் பார்க்கிறது. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆட்கள் தங்கள் ஊரில் ராஜாவுக்குச் செய்கிற மரியாதையை இங்கே துரைக்குச் செய்தார்கள். சாமியாக்கவில்லை, கொடுத்தவர் வரிசையில் நிறுத்தினார்கள். நாயக்கருக்குக் கொடுத்த அதே இடம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. இதில் தலைகுனிய ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கெல்லியின் மாளிகையில் அந்த எழுபது பேருக்குப் பெயர் இல்லை. அவர்கள் கோயிலில் கெல்லிக்கு இடம் இருக்கிறது. யார் பெரிய மனசுக்காரர்கள்?

யுத்தத்துக்குப் பிறகு காலம் மாறிற்று. 1920ஐ ஒட்டி ரப்பர் விலை தலைகுப்புற விழுந்தது. விலையைத் தூக்கி நிறுத்த 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைப் போட்டு, ஏற்றுமதியைக் குறைக்கவேண்டியதாயிற்று. மாளிகை வேலையும் இழுத்துக்கொண்டே போயிற்று. 1915இல் போட்ட திட்டம் 1926 ஆகியும் முடியவில்லை. தொட்டிலில் கிடந்த ஆன்டனி 11 வயதுப் பையனாகிவிட்டான்.

1926இல் கெல்லி ஐரோப்பா சென்றார். வழியில் போர்ச்சுகல் நாட்டின் தலைநகரமான லிஸ்பனில் தங்கினார். கோபுரத்துக்கான லிப்டை வாங்கி வரத்தான் போனார் என்று கதை சொல்லுவாங்க. லிஸ்பனில் அவருக்கு நிமோனியாக் காய்ச்சல் கண்டது. அங்கேயே உயிர் போயிற்று. வயது 56. 1918இல் அவருடைய ஆட்களின் நெஞ்சில் இறங்கிய அதே மாதிரி நோய், எட்டு ஆண்டுகள் கழித்து, மூவாயிரம் மாடிப்படியானாலும் லிப்டில் ஏறிவிடலாம் என்று இருந்த மனிதரின் நெஞ்சிலும் இறங்கியது. பென்சிலின் மருந்து கண்டுபிடிக்க இன்னும் 2 வருடம் இருந்தது.

ஆக்னஸ் துரைசானிக்கு மனசு விட்டுப்போயிற்று. கணவர் இல்லாத கோட்டையில் அவருக்கு என்ன வேலை? பிள்ளைகளோடு ஸ்காட்லாந்துக்கே போய்விட்டார். திரும்பி வந்து மாளிகையை முடிக்கவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்டு கம்பெனியின் கைக்குப் போயிற்று. தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. 1844இல் இங்கிலாந்தில் தேயிலை வியாபாரத்துக்காகத் தொடங்கிய கம்பெனி அது. பிறகு மலாயாவில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்களை ஆண்டது. கம்பெனிக்கு மரம் வேண்டும், பால் வேண்டும். மாளிகை எதற்கு? அப்படியே விட்டுவிட்டார்கள். கெல்லியின் பைத்தியக்காரத்தனம் என்று வெள்ளைக்காரர்களே அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் நம் மலைக்குத் தாப்பாவிலிருந்து சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1885இல் வில்லியம் கேமரன் வந்து அளந்துவிட்டுப் போன மலை, நாற்பது ஆண்டு காலம் வண்டி ஏற வழியில்லாமல் கிடந்தது. 1929இல் ஜான் ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கெல்லி தோட்டத்து மாளிகை காடு மூடத் தொடங்கியபோது இங்கே காட்டை வெட்டித் தேயிலை நட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே நாட்டிலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மலையேறியது அந்த வருடங்களில்தான்.

மாளிகையைக் காடு விழுங்கியது. ஆலும் கொடியும் ஜன்னலில் நுழைந்தன; வௌவால் குடியேறியது. ஆள் இல்லாத வீட்டுக்குப் பேய்க் கதை வராமல் இருக்குமா? மாடியில் துரை நடக்கிறார், சின்னப் பெண் அறையில் நிழல் தெரிகிறது என்று ஆளுக்கு ஒன்று சொல்லுவாங்க. மாளிகையிலிருந்து கோயிலுக்குச் சுரங்கப் பாதை இருக்கிறது, அதில் துரையின் கார்கூட நிற்கிறது என்பது இன்னொரு கதை. பிள்ளைகள் இவற்றை வாய் பிளந்து கேட்பார்கள். விஷக் காய்ச்சல் கதையைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். பேயைவிட அந்தக் காய்ச்சல்தான் பயங்கரம் என்று நான் எத்தனை தரம் சொல்லியும் எடுபடவில்லை. கொரோனாவுக்குப் பிறகு கொஞ்சம் கேட்கிறார்கள்.

பின்னாளில் காட்டை வெட்டி, சுத்தம் செய்து, சுற்றுலா இடமாக ஆக்கினார்கள். ஆற்றின்மேல் பாலம் இருக்கிறது. 1999இல் வெளிவந்த அன்னா அண்ட் த கிங் என்ற ஆங்கிலப் படத்துக்கு அங்கே காட்சி எடுத்தார்கள். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து வளைவுகளுக்கு அடியில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். சுற்றியிருந்த ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது.

போக விரும்புகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். இங்கிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கலாம், அல்லது பழைய தாப்பாச் சாலையில் இறங்கிக் கோப்பெங் வழியாகப் போகலாம். வயதானவர்கள் மாடிப்படியில் பார்த்து ஏறவேண்டும். படிகள் குறுகல், சில இடங்களில் தடுப்பு தாழ்வாக இருக்கிறது. பிள்ளைகளை மொட்டை மாடியில் ஓடவிடாதீர்கள். கோபுரத்துக்குள் லிப்டுக்காக விட்ட இடம் அப்படியே திறந்து கிடக்கிறது; எட்டிப் பார்த்தால் மேலிருந்து கீழ் வரை வெறும் செங்கல் கிணறு. அதில் வருவதாக இருந்த பெட்டி கப்பல் ஏறவேயில்லை.

பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வாருங்கள். ஒன்றரைக் கிலோமீட்டர்தான். தேங்காய் பழம் கையோடு கொண்டுபோவது நல்லது. அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, கூரைமேல் இருக்கும் உருவங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் துரை கண்ணில் படுவார். அவர் உடம்பு லிஸ்பன் நகரத்து மண்ணில் கிடக்கிறது.